ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தை எடைபோடுவது எப்படி? சீட்டோவை வைத்து ஒரு பயிற்சி

சீட்டோ என்பது தென்கிழக்காசியாவில் கம்யூனிசத்தைத் தடுக்க அமெரிக்கா முன்னின்று அமைத்த ராணுவக் கூட்டணி. அதற்காக 1954 செப்டம்பர் 8 அன்று மணிலாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையை விடுங்கள், அதில் எப்போதும் நல்ல வார்த்தைகள்தான் இருக்கும். நேராக 4ஆம் பிரிவுக்குப் போங்கள். நேட்டோவின் 5ஆம் பிரிவு, ஒருவர்மீதான தாக்குதல் எல்லோர்மீதான தாக்குதல் என்கிறது. இங்கே ஒவ்வொரு நாடும் "தன் அரசியலமைப்பு நடைமுறைப்படி" செயல்படும், அவ்வளவுதான். உள்நாட்டுக் கலகம் என்றால் கூடிப் பேசினால் போதும். கலகம்தான் அந்த வட்டாரத்தின் அசல் பிரச்சினை!

அடுத்து, கடைசிப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். தன் கடமை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டுமே என்று அமெரிக்கா அங்கே குறிப்பு சேர்த்திருக்கிறது. இந்தியாவுடனான 1965, 1971 போர்களில் உறுப்பு நாடான பாகிஸ்தானுக்கு சீட்டோ கைகொடுக்காததன் காரணம் புரியும்.

பிறகு வரைபடம். எட்டு உறுப்பினர்களில் தென்கிழக்காசிய நாடுகள் தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் மட்டுமே. பாங்காக்கில் தலைமையகம் இருந்தது, நிரந்தரப் படை இருக்கவில்லை.

சரிவை முன்கூட்டியே பிடிக்க, தனி உறுதிமொழிகளைத் தேடுங்கள். 1962இல், அண்டை நாடான லாவோஸில் கம்யூனிஸ்டுகள் முன்னேறிய நெருக்கடியின்போது, மற்றவர்கள் சம்மதிக்காவிட்டாலும் காப்போம் என்று தாய்லாந்துக்கு அமெரிக்கா தனியாக வாக்களித்தது. கூட்டணி அப்போதே பாதி செத்துவிட்டது என்பேன். பின்னர் பாகிஸ்தான் விலகியது, பிரான்ஸ் பணம் தருவதை நிறுத்தியது. 1977 ஜூன் 30இல் அமைப்பு கலைந்தது. ஒப்பந்தத்தை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.