'உபதேசம்' எங்கேர்ந்து வந்துச்சு? ஒரு சொல்லோட வேரை நாமளே தேடிப் பாக்குறது எப்படி

முதல்ல அகராதிய தொடாதீங்க, உங்க ஏரியால அந்த சொல்ல யாரு எப்படி பேசுறாங்கன்னு காது குடுத்து கேளுங்க. ராயபுரம், காசிமேடு பக்கம் சர்ச்சுக்கு போற வீட்ல பிள்ளைங்கள ஞானோபதேச கிளாஸுக்கு அனுப்புவாங்க, ஊழியம் பண்றவர உபதேசியார்னு கூப்புடுவாங்க. கோயில் பக்கம் போனா மந்திர உபதேசம். வீட்ல பையன் "சும்மா உபதேசம் பண்ணாதம்மா"னு கத்துவான். ஏழுகிணறுல ரொம்ப வருஷம் குடியிருந்த வள்ளலார், 1873 அக்டோபர் 22ல வடலூர் பக்கத்துல இருக்குற மேட்டுக்குப்பத்துல பேசுனத இன்னிக்கும் பேருபதேசம்னுதான் சொல்றாங்க. இத்தனையையும் எழுதி வச்சுக்குங்க, எல்லாத்துலயும் தெரிஞ்சவர் ஒருத்தர் இன்னொருத்தருக்கு வழி காட்டுறாரு, அத மனசுல வச்சுக்கிட்டு அடுத்ததுக்கு போங்க.

இப்ப லெக்சிகன், அதாவது பெரிய தமிழ் அகராதி. மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1924லேர்ந்து 1936க்குள்ள ஆறு வால்யூமா போட்டது, சிகாகோ யுனிவர்சிட்டி சைட்ல ஃப்ரீயாவே தேடலாம். அர்த்தத்த மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, எந்த மொழிச் சொல்லுலேர்ந்து வந்துச்சுங்கற குறிப்பும் அதுல இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். உபதேசம் சமஸ்கிருதம், 'உப'ன்னா கிட்ட, 'திஶ்'னா சுட்டிக் காட்டுறது, ஆக பக்கத்துல இருந்து காட்டிக் குடுக்குறது.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. உபநதி மாதிரி உபதேசம்னா சின்ன நாடான்னு கேப்பாங்க, சத்தத்த மட்டும் வச்சு முடிவு பண்ணா இப்படித்தான் ஆகும். ஆனா தேசம், திசை ரெண்டும் அதே திஶ்லேர்ந்து வந்ததுதான், கை காட்டுற பக்கம் திசை, அந்தப் பக்கம் இருக்குற நிலம் தேசம். அதனால ஒரு சொல்ல தனியா பாக்காம கூடப்பொறந்த சொல்லுங்களயும் சேத்து பாருங்க, எனக்கு இந்த வேலைல ரொம்ப புடிச்ச இடமே இதுதான்.

வடசொல்னு தெரிஞ்சதும் சில பேருக்கு கோவம் வருது, வேணாங்க, தொல்காப்பியமே நாலு வகை சொல்லுல வடசொல்லையும் ஒண்ணா சேத்திருக்கு.

தமிழ் வேருன்னு தோணுச்சுன்னா பர்ரோ, எமனோன்னு ரெண்டு மொழி ஆராய்ச்சியாளருங்க சேந்து போட்ட திராவிட வேர்ச்சொல் அகராதிக்கு போங்க, 1961ல வந்துச்சு, 1984ல ரெண்டாவது பதிப்பு, இதுவும் நெட்ல இருக்கு. உபதேசத்த அதுல தேடாதீங்க, அது திராவிட வேர்களுக்கான புக்கு. அதுக்கு பதிலா கிட்டத்தட்ட அதே அர்த்தம் வர்ற அறிவுரைய ரெண்டா பிரிச்சு 'அறி'ய தேடுங்க, கன்னடத்துல அறி, தெலுங்குல எருகுன்னு சொந்தமெல்லாம் வரிசையா நிக்கும். நம்ம தெருவுலதான் தெலுங்கு பேசுறவங்க நிறைய பேர் இருக்காங்களே, 'எருக'ன்னா என்னன்னு அவங்ககிட்டயே கேட்டுடலாம், புக்குல பாத்தத வாயில கேக்குறப்ப சட்டுனு நம்பிக்கை வரும்.

இது புடிபட்டுச்சுன்னா அடுத்து போதனைய எடுங்க, புத்தி, போதம், புத்தர் மூணையும் லெக்சிகன்ல பக்கத்துல பக்கத்துல தொறந்து வச்சு வேர் ஒண்ணான்னு பாருங்க.