பெர்ரி சாறும் பெண்களின் கொலஸ்ட்ராலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாற்றில் சர்க்கரையை அள்ளிப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

மாத்திரைக்கு உரிய பெயரைச் சாறு வாங்கிக்கொள்வது

எரிச்சலூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடப்பது இது. எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 170 என்று ரிப்போர்ட் வருகிறது. மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தருகிறார். அதே வாரம் காலையில் ஒரு டம்ளர் புளூபெர்ரிச் சாறும் தொடங்குகிறது. எட்டு வாரத்தில் எல்டிஎல் 110. "சாறு வேலை செய்கிறது, இனி மாத்திரை எதற்கு?" என்று மாத்திரை நிற்கிறது. அடுத்த சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும். உடம்பு அதை எந்த வகையிலும் சொல்லாது என்பதால், ஒரு வருடம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் எடுக்கும்போதுதான் தெரியவரும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு அந்த ஒரு வருடமும் படிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர அளவு ஸ்டாட்டின் எல்டிஎல்லை 30 முதல் 49 சதவீதம் வரை குறைக்கும். 170 என்பது 110 ஆனால் 35 சதவீதம். அது மாத்திரையின் வேலை. பெர்ரி கொடுத்துப் பார்த்த சோதனைகளில் எல்டிஎல் இறங்கியது கொஞ்சமே, சிலவற்றில் அசையவே இல்லை. மாத்திரையால் தசைவலி வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம். அதை மருத்துவரிடம் சொல்லிச் செய்ய வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஸ்டாட்டின் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். மாதவிடாய் நிற்கும் காலத்தில் எல்டிஎல் தானாகவே ஏறும். மாரடைப்பும் எப்போதும் நெஞ்சுவலியாக மட்டும் வருவதில்லை. மூச்சுத்திணறல், தாடைவலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்றும் வரும். அறிகுறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

பழத்தின் ஆய்வைச் சாற்றுக்கு ஒட்டுவது

அமெரிக்கச் செவிலியர்கள் 93,600 பேரை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. உணவில் ஆந்தோசயனின் (பெர்ரிக்குச் சிவப்பும் நீலமும் தரும் நிறமி) அதிகம் இருந்த பெண்களுக்கு மாரடைப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பேசப்பட்டது முக்கியமாக ஸ்ட்ராபெர்ரியும் புளூபெர்ரியும், அதாவது பழங்கள். கடையில் விற்கும் சாறு அல்ல. பழம் சாப்பிட்டதால்தான் குறைந்தது என்று இந்த வகை ஆய்வு நிரூபிப்பதும் இல்லை.

வடிகட்டுவது

புளூபெர்ரியில் ஆந்தோசயனின் பெருமளவு தோலில் இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கு உதவும் பெக்டின் நார் சதையிலும் தோலிலும் இருக்கிறது. பெக்டின் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. வடிகட்டியில் தங்கும் சக்கையை வீசினால் இதில் நிறையப் போய்விடும். 150 கிராம் பழம், 100 மில்லி தண்ணீர், மிக்சியில் ஒரு சுற்று, அப்படியே குடியுங்கள். கொதிக்கவைக்காதீர்கள், அரைத்து வைத்து மறுநாள் எடுக்காதீர்கள். சூடும் காற்றும் நிறமியைச் சிதைக்கும்.

ட்ரைகிளிசரைடைப் பார்க்காமல் விடுவது

எல்டிஎல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்துவிடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு. சர்க்கரை சேர்த்த கிரான்பெர்ரி பானத்தில் 240 மில்லிக்கு ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. சேர்க்கும் சர்க்கரைக்கு அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்குச் சொல்லும் உச்சவரம்பே நாளுக்கு 25 கிராம். அந்தச் சர்க்கரையில் உள்ள ஃப்ரக்டோஸ் மிஞ்சினால் அதைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றுகிறது. ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியவர்கள் சாற்றை விட்டு முழுப்பழத்துக்கு வாருங்கள். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரை போகலாம், சாறு வேண்டாம்.

வார்ஃபரினும் கிரான்பெர்ரியும்

வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை. அதை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரான்பெர்ரியைச் சேர்க்காதீர்கள்.

தைராய்டை மறப்பது

தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா?

பரிசோதனை நாளன்று சாறு குடிப்பது

வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லியிருந்தால் 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். அன்றைய சாறு, ரத்தம் கொடுத்த பிறகு.