கச்சான் காலத்தில் கிராபிக்ஸ் கார்ட் கொதித்தால்

போன ஆனி மாதம் உப்புவெளியிலிருந்து அக்கா மகன் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, கார்ட் செத்துவிட்டது. புதிது வாங்கித் தரும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்." விளையாடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் படம் திக்கித் திக்கி நகர்கிறதாம், காற்றாடி உழவு இயந்திரம் போல இரைகிறதாம். கார்ட் சாகவில்லை. அன்று இருவரும் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்: செலவில்லாத வேலை முதலில், திருப்புளி கடைசியில். (கிராபிக்ஸ் கார்ட் என்பது திரைக்கான படத்தை வரையும் பாகம். திருகோணமலைக் கடைகளில் அதை விஜிஏ என்று கேளுங்கள், உடனே விளங்கும்.)

முதலில் அளந்து பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பகுதியில் ஜிபியுவின் (கார்டின் முதன்மைச் சில்லு) கீழ் வெப்பநிலை தெரியும். கார்டின் வேகத்தையும் பார்க்க ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். இருபது நிமிடம் விளையாடிவிட்டு இரண்டு எண்களையும் குறியுங்கள். என்விடியாவின் பல கார்டுகள் 83 பாகையை ஒட்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் ஏற ஏற வேகம் இறங்கினால் நோய் சூடுதான். 70 பாகையில் நிற்கும்போதே கணினி பட்டென்று அணைந்தால் கார்டை விட்டுவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

இங்கே ஒரு கழித்தல் கணக்கு அவசியம். யாரோ குளிர்நாட்டுக்காரர் 65 பாகை என்று படம் போட்டிருப்பார். அவருடைய அறை 20 பாகை. கார்ட் அதைவிட 45 கூட. கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கும் மத்தியானத்தில் நம்முடைய அறை 34 என்றால், அதே கார்ட் இங்கே 79 காட்டும். அதில் பழுது எதுவும் இல்லை. அறையைவிடக் குளிர்ந்த கார்டை எந்தக் காற்றாடியாலும் தரமுடியாது.

அடுத்து, கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி இருபது நிமிடம் விளையாடுங்கள். வெப்பம் ஏழெட்டுப் பாகை இறங்கினால் பெட்டிக்குள் காற்று ஓடவில்லை என்று பொருள். முன்பக்கக் காற்றாடி காற்றை உள்ளே இழுக்கவும் பின்பக்கக் காற்றாடி வெளியே தள்ளவும் வேண்டும். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்படி மாட்டிய பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். மேசை அலுமாரிக்குள் அடைத்து வைத்த பெட்டியையும் வெளியே எடுங்கள். தகடு கழன்றும் மாற்றமில்லை என்றால் குறை கார்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் தூசி. நம் ஊர்த் தூசி வெறும் தூசி அல்ல. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து, கார்டின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கிடையே களி போல ஒட்டிக்கொள்ளும். ஊதினால் மேற்பூச்சு மட்டும் பறக்கும், அடியில் இருப்பது அசையாது. மின்சாரத்தை நிறுத்தி, வயரைக் கழற்றி, கேசிங்கின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு கார்டை எடுங்கள். காய்ந்த மென்மையான பெயின்ட் தூரிகையால் மெல்லத் தட்டி, பிறகு ஊதுங்கள். ஊதும்போது காற்றாடி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். விட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று அச்சு தேயும். ஈரத்துணி வேண்டாம். அவன் கார்டிலிருந்து உதிர்ந்ததை அக்கா விளக்குமாறால் கூட்டவேண்டி வந்தது. பெட்டி கடலைப் பார்த்த யன்னலின் கீழே இருந்ததாம். இடத்தை மாற்றச் சொன்னேன்.

இனி மென்பொருள் வேலை. எனக்கு மிகப் பிடித்த வைத்தியம் இதுதான். உங்கள் திரை 60 ஹேர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் அதனால் காட்ட முடியாது. கார்டோ 140 படம் வரைந்து வீணாக வியர்த்துக்கொண்டிருக்கும். விளையாட்டின் அமைப்பிலோ என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ உச்ச பிரேம் அளவை 60 ஆக்குங்கள். அதுவும் போதாவிட்டால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்ட் எடுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவை) 80 சதவீதத்துக்கு இறக்கலாம். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாகவே குறையும். சாதாரண வேலையின்போது காற்றாடி நின்றே இருந்தால் பயப்படாதீர்கள், பல கார்டுகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டுள்ளன.

தெர்மல் பேஸ்ட் (சில்லின் சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தும் பசை) மாற்றுவது கடைசி. உத்தரவாதக் காலம் முடியாத கார்டைத் திறக்கவேண்டாம். நினைவகச் சில்லுகளின் மேல் இருக்கும் சூடு கடத்தும் பட்டைகள் கிழிந்தால் அதே தடிப்பில் வேறு பட்டை வேண்டும். தடிப்பு மாறினால் அலுமினியத் தகடுத் தொகுதி சில்லின்மேல் சரியாகப் பொருந்தாது. முதன்முறை என்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அக்கா மகனுக்கு அதுவரை போகத் தேவையிருக்கவில்லை. 88இல் நின்ற கார்ட் 74க்கு வந்தது. அக்காவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு என்மேல் இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.