எரிச்சல் நின்றுவிட்டால் கால் குணமாகிவிட்டதா?

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடக்கணக்கில் "கால் எரியுது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மெல்ல மெல்ல அந்தப் பேச்சு குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போகும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் எரிச்சல் அடங்கியிருக்கலாம். ஆனால் எரிச்சலை உணர்த்திக்கொண்டிருந்த நரம்பு இழைகள் செத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும். எது என்று சோதித்துப் பார்க்காமல் நிம்மதி அடையக் கூடாது.

தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை தானாகப் பின்வாங்குகிறதே, அது மூளை யோசித்துச் செய்வதல்ல. தோலிலிருந்து உணர்வு நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குச் செய்தி போகிறது. அங்கிருந்தே இயக்க நரம்பு வழியாகத் தசைக்கு உத்தரவு வந்துவிடுகிறது. வலி உறைப்பது அப்புறம்தான். பள்ளியில் அனிச்சைச் செயல் என்று படித்தது இதைத்தான். செய்தியைக் கொண்டுபோகும் அந்த முதல் நரம்பே பழுதானால், தசையும் தண்டுவடமும் நன்றாக இருந்தும் பயனில்லை. கால் கொதிக்கும் கல்லில் அப்படியே நிற்கும். உடலிலேயே மிக நீளமான நரம்பு இழைகள் பாதத்துக்குப் போகிறவை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். சர்க்கரை நோய் முதலில் தாக்குவதும் அவற்றைத்தான். மரத்துப்போவது கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறுவது அதனால்தான்.

அதனால் மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். குளிர்கிறது, குத்துகிறது என்று பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை வைப்பார்கள். சூடு தெரியாததால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். காலையில் பார்த்தால் கொப்புளம். குளிக்கும் தண்ணீரைக்கூட முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். கோயிலுக்குப் போவதானால் அதிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ போகலாம். உச்சிவெயிலில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றி, உள்ளங்கால் வெந்தது தெரியாமலே வீடு திரும்புகிறவர்கள் உண்டு. தீமிதிக்கு நேர்ந்துகொண்டிருந்தால், வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளச் சொல்லி மன்றாடுவேன்.

கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டிக் கரைப்பதும் அடுத்த தவறு. காய்ப்பு என்பது அந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது என்பதன் அடையாளம். அதன் அடியிலேயே புண் ஒளிந்திருக்கலாம்.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை வேலூரில் ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று அப்போது நம்பினார்கள். அப்படியல்ல, உணர்ச்சி போனதால் தெரியாமல் படும் காயங்களே விரல்களைக் கொண்டுபோகின்றன என்று அவர் காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிற மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பும், உணர்ச்சி இழந்த தொழுநோயாளிகளின் காலைக் காக்கப் பயன்பட்ட அதே செருப்புதான். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு கல் போதும்.

நம் பேச்சுவழக்கே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். அது ரத்தக் குழாய். இந்தக் குழப்பத்தோடு "நரம்புச் சத்து" மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஏராளம். வைட்டமின் பி12 குறைந்திருந்தால்தான் அது உதவும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் குறைபாடு வரலாம் என்பதால் ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது.

சோதனை எளியது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் தொட்டுக் கேட்பார்கள், இசைக்கவையை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் சுத்தியலால் ஒரு தட்டு. வலியே கிடையாது. வருடம் ஒருமுறை நீங்களாகவே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைத் தூக்கிக் காட்டிப் பார்க்கலாம். கண் மங்கலாக இருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். சிவப்பு, கொப்புளம், கசிவு, எது தெரிந்தாலும் வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.