பெருங்குடல் காயம்: பயிற்சி அறுவை மருத்துவர்களுக்கு ஒரு வழிமுறை

கத்திக்குத்திலோ துப்பாக்கிச் சூட்டிலோ காயமுற்றவரின் வயிற்றைத் திறந்ததும் முதலில் ரத்தப்போக்கை அடக்க வேண்டும்; கண்ணில் படும் ஓட்டைகளைக் கிளாம்ப்பால் பிடித்து மலக்கசிவை நிறுத்துவது அதற்கு அடுத்த வேலை. ஆன்டிபயாடிக் மருந்தோ கத்தி வைப்பதற்கு முன்பே ரத்தத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தைத்த ஓட்டையன்று, காணாமல் விட்ட ஓட்டையே என்பதால், தேடலில் அவசரம் கூடாது. பெருங்குடலின் வலப்பக்க ஏறு குடலும் இடப்பக்க இறங்கு குடலும் பின்சுவரோடு ஒட்டியிருப்பதால், வெளிப்பக்க உறையை வெட்டி, குடலை நடுப்பக்கமாகப் புரட்டினால்தான் அவற்றின் பின்புறம் தெரியும். மண்ணீரலை ஒட்டிய வளைவை விடுவிக்கும்போது பலமாக இழுத்தால் மண்ணீரலின் உறை கிழிந்து புதிதாக ரத்தம் கொட்டும். குடலைத் தாங்கும் மெசென்டரியின் ஓரத்தில் ரத்தக்கட்டு சிறிதாக இருந்தாலும் அதைத் திறந்து பாருங்கள். அதன் அடியில் ஓட்டை ஒளிந்திருக்கலாம். குடலைத் துளைத்தது உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டையாகவே பெரும்பாலும் ஓட்டையிடும் என்பதால், ஓட்டைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் நின்றால், காரணம் விளங்கும்வரை மீண்டும் தேடுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ அறுவை மருத்துவர் ஓகில்வி வகுத்த நெறிப்படி, காயமுற்ற பெருங்குடலை வெளியே கொண்டுவந்து கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றுச் சுவரில் அமைக்கும் திறப்பு) வைப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஸ்டோன், ஃபேபியன் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு உடனே தைத்து மூடுவது பாதுகாப்பானது என்று காட்டியது. பின்வந்த ஆய்வுகள் அந்த வட்டத்தை மேலும் விரித்தன. ஆகவே, காயம் இடப்பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகக் கொலாஸ்டமி வைப்பது இன்று ஏற்கத்தக்கதன்று.

காயம் குடல் சுற்றளவில் பாதிக்கும் குறைவாகவும் ரத்த ஓட்டம் நன்றாகவும் இருந்தால், நைந்த ஓரங்களை ரத்தம் கசியும்வரை வெட்டி, 3-0 தடிமனுள்ள கரையும் நூலால் குறுக்குவாக்கில் தையுங்கள். நெடுக்கில் தைத்தால் குடல் குறுகிவிடும். அருகருகே உள்ள இரண்டு ஓட்டைகளை ஒன்றாக்கித் தைப்பது நல்லது. பாதிக்கு மேல் கிழிந்திருந்தாலோ, குடல் துண்டாகியிருந்தாலோ, மெசென்டரி அறுந்து குடல் கறுத்திருந்தாலோ, அப்பகுதியை நீக்கி இரு முனைகளையும் இணைக்க வேண்டும்.

உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கி, ரத்தம் உறையாமல், அதன் அமிலத்தன்மை ஏறி பிஎச் அளவு 7.2க்கும் குறைந்திருந்தால் அப்போது இணைக்கவே கூடாது. முனைகளை ஸ்டேப்ளரால் அடைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் திறக்கும்போது உடல் தேறியிருந்தால் இணைக்கலாம், குடல் வீங்கியிருந்தாலோ ரத்த அழுத்தம் இன்னும் மருந்தை நம்பியே நின்றாலோ கொலாஸ்டமிதான் சரி.

மலம் பரவியிருந்தால் தோலைத் தைக்காமல் திறந்தே விடுங்கள். ஆன்டிபயாடிக்கை 24 மணி நேரத்துக்கு மேல் நீட்டிப்பதால் பயன் கூடுவதில்லை. ஐந்தாம் நாளையொட்டிக் காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறி, வயிறு உப்பினால், தையல் கசிகிறதா என்று உடனே சிடி எடுத்துப் பார்க்க வேண்டும்.