ஒரே லப்டொப்பில் நெட்வேர்க் சோதனை: லூப்பேக் அடப்டர்களை அமைப்பது எப்படி

கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு கடைக்கு பில் போடும் சொப்ட்வெயார் எழுதிக் கொடுக்கிறீர்கள், இல்லாவிட்டால் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கம்பஸில் கடைசி வருட புரொஜெக்ட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வரும் அதோடு பேசுகிற புரோகிராமும் உங்கள் லப்டொப்பிலேயே ஓடுகின்றன. இரண்டும் என்ன கதைக்கின்றன என்று பார்க்க, நெட்வேர்க்கில் போகும் பக்கெட்டுகளை, அதாவது சிறு தரவுத் துண்டுகளை, பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைஃபை அடப்டரைத் தெரிவு செய்தால் ஒன்றுமே வராது. கொம்பியூட்டர் தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1க்குப் போகிற பக்கெட் வைஃபை கார்ட் பக்கமே போகாமல் விண்டோஸுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது, இதைத்தான் லூப்பேக் என்பார்கள். லப்டொப்பின் சொந்த வைஃபை ஐபிக்கு அனுப்பினாலும் இதே கதைதான்.

இதற்கு வேண்டியது சொப்ட்வெயாரால் ஆன அடப்டர். அதில் இரண்டு வகை உண்டு, இரண்டின் பெயரிலும் லூப்பேக் என்று இருப்பதால் பலர் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதன் வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள். ஒன்று பக்கெட்டைப் பார்ப்பதற்கு, மற்றது லப்டொப்பில் மாறாத ஒரு ஐபி வைப்பதற்கு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மிச்சம் லேசு.

பார்ப்பதற்கு உரியது என்பிகேப் என்ற டிரைவர். பழைய நோட்ஸ்களில் அதே வேலைக்கு வின்பிகேப் போடச் சொல்லியிருக்கும், அதைப் போடாதீர்கள். அதன் கடைசி வெளியீடு 2013இல் வந்தது, லூப்பேக் பக்கெட்டைப் பிடிக்க அதற்குத் தெரியாது. 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து வயர்ஷார்க் இன்ஸ்டோலரோடு என்பிகேப்பும் சேர்ந்தே வருகிறது. இன்ஸ்டோல் ஆகும்போது அட்மின் மட்டும் பயன்படுத்தலாம் என்று ஒரு பெட்டி வரும். சொந்த லப்டொப் என்றால் விட்டுவிடலாம், பலர் பாவிக்கிற லேப் கொம்பியூட்டர் என்றால் கட்டாயம் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் அதில் லொகின் செய்கிற யாரும் பக்கெட் பிடிக்கலாம்.

பிறகு வயர்ஷார்க்கின் முதல் பக்கத்தில் 'அடப்டர் ஃபோர் லூப்பேக் டிரஃபிக் கப்சர்' என்ற வரி இருக்கும், அதை டபிள் கிளிக் செய்யுங்கள். வரி இல்லையா? அட்மினாகக் கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து 'நெட் ஸ்டார்ட் என்பிகேப்' (net start npcap) என்று கொடுத்துவிட்டு வயர்ஷார்க்கை மறுபடி திறந்து பாருங்கள்.

இனி ஒரு உண்மையான பிரச்சினையை எடுப்போம். பில் புரோகிராம் டேட்டாபேஸைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு செக்கன் தாமதிக்கிறது, எரர் எதுவும் இல்லை, கடைசியில் வேலையும் நடக்கிறது. புரோகிராம் கோடை எத்தனை தரம் வாசித்தாலும் இது பிடிபடாது. லூப்பேக்கில் பிடித்துப் பாருங்கள். புரோகிராம் 'லோக்கல்ஹோஸ்ட்' (இந்தக் கொம்பியூட்டரே) என்ற பெயருக்கு முதலில் ஐபிவி6 முகவரியான ::1க்கு ஒரு சின் (இணைப்புக் கேட்கும் பக்கெட்) அனுப்பும், உடனே ரீசெட் (மறுப்பு) திரும்பி வரும், விண்டோஸ் விடாமல் அரைச் செக்கன் இடைவெளியில் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும், எல்லாவற்றுக்கும் ரீசெட் வந்த பிறகுதான் 127.0.0.1க்குப் போகும், அங்கே உடனே சின்-அக் (சம்மதம்) கிடைக்கும். சர்வர் ஐபிவி4இல் மட்டும் காத்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். புரோகிராமில் லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதிலாக 127.0.0.1 என்று எழுதினால் தாமதம் போய்விடும்.

சின்னுக்கு ரீசெட் வந்தால் அந்தப் போர்ட்டில் (சேவையின் வாசல் எண்ணில்) எந்தப் புரோகிராமும் காத்திருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பதிலே வராமல் சின் மட்டும் திரும்பத் திரும்பப் போனால் முதலில் ஃபயர்வோலைப் பாருங்கள். செக்சம் (பக்கெட் பழுதாகாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) பிழை என்று ஏதாவது காட்டினால் பயப்படத் தேவையில்லை, லூப்பேக்கில் செக்சம் கணக்கிடாமல் விடுவது வழக்கம்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் கேஎம்-டெஸ்ட் லூப்பேக் அடப்டர். இது விண்டோஸோடேயே வருகிறது. டிவைஸ் மனேஜரைத் திறந்து, அக்ஷன் மெனுவில் லெகசி ஹார்ட்வெயார் சேர்ப்பதைத் தெரிவு செய்து, தானாகத் தேடவிடாமல் பட்டியலிலிருந்து எடுப்பதாகச் சொல்லி, நெட்வேர்க் அடப்டர், மைக்ரோசாஃப்ட், கேஎம்-டெஸ்ட் என்று போனால் முடிந்தது. வயர் இல்லாத ஒரு கார்ட் லப்டொப்பில் வந்து உட்கார்ந்துவிடும். ஐபி கொடுக்காவிட்டால் 169.254 என்று தொடங்கும் ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும், ஆகவே நீங்களே 10.20.30.1, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுங்கள். 192.168.1 அல்லது 192.168.8 வேண்டாம், வீட்டு ரவுட்டர்கள் பலவும் அவற்றைத்தான் பாவிக்கின்றன. கேட்வேயை, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரியை, வெறுமையாக விடுங்கள்! அதில் எதையாவது போட்டால் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டியதெல்லாம் வாசலே இல்லாத இந்தக் கார்டுக்குப் போகப் பார்க்கும்.

கம்பஸ் வைஃபையிலிருந்து போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினாலும் கரண்ட் போய் ரவுட்டர் நின்றாலும் இந்த ஐபி மாறாது, அதுதான் இதன் பெரிய உதவி. ஆனால் 10.20.30.1க்கு நீங்களே பிங் செய்துவிட்டு (பதில் வருகிறதா என்று சிறு பக்கெட் அனுப்பிவிட்டு) இந்த அடப்டரில் பக்கெட்டைத் தேடாதீர்கள், அது என்பிகேப்பின் லூப்பேக்கில்தான் தெரியும். இந்த அடப்டரிலேயே பார்க்க வேண்டுமென்றால் லப்டொப்புக்குள்ளேயே இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டும் வேர்சுவல்பொக்ஸில் ஒரு வேர்சுவல் மெஷினைப் போட்டு, அதன் நெட்வேர்க்கைப் பிரிட்ஜ்ட் (நேரே ஒரு கார்டோடு இணைப்பது) என்று வைத்து இந்தக் கார்டைக் காட்டி, 10.20.30.2 கொடுங்கள். இப்போது பக்கெட் உண்மையாகவே கார்ட் வழியாகப் போகும். பிங் வராவிட்டால், விண்டோஸ் இந்த நெட்வேர்க்கைப் பப்ளிக் என்று வைத்திருக்கும், ஃபயர்வோலில் பிங்குக்கு வழி விடுங்கள்.

மோசமான லைனில் சொப்ட்வெயார் எப்படி நடக்கும் என்று பார்க்க கிளம்சி என்ற இலவச டூல் போதும். அட்மினாக ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் ஐபிவி4 ஃபில்டரை எடுத்து, லேக் (தாமதம்) 100 மில்லிசெக்கன் வையுங்கள். போகும்போது ஒரு தரம், பதில் வரும்போது ஒரு தரம் என்று பிங் 200 காட்டும், அது சரிதான். பிறகு பக்கெட்டைத் தொலைக்கும் டிரொப்பைக் கொஞ்சம் கூட்டி, ஒரே பில் இரண்டு தரம் சேவ் ஆகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பதில் நேரத்துக்கு வராவிட்டால் புரோகிராம் மறுபடி அனுப்பலாம், சர்வர் அதைப் புது பில் என்று எடுத்துக்கொண்டால் கடைக்காரரின் கணக்கு பிழைத்துவிடும். கடையில் கண்டுபிடிப்பதைவிட இங்கே கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

பிடித்த ஃபைலை யாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்ப முன் ஒரு தரம் திறந்து பாருங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாமல் சோதித்திருந்தால் பாஸ்வேர்ட் அப்படியே உள்ளே இருக்கும்.