ஒருங்கிணைந்த சிகிச்சை: பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையிடம் மருத்துவமனை செய்யக்கூடாத தவறுகள்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை மருத்துவமனைக்குள் வந்ததும் அவசரப் பிரிவு மருத்துவர், மகப்பேறு மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், காவலர் என ஒவ்வொருவரும் "என்ன நடந்தது?" என்று முதலிலிருந்து கேட்பதுதான் மிகப் பரவலான தவறு. ஒருங்கிணைந்த சேவை மையம் என்று பலகை மாட்டிய இடங்களிலும் இது நடக்கிறது. எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் மட்டும் அது ஒருங்கிணைப்பு ஆகிவிடாது. பயிற்சி பெற்ற ஒருவர் கேட்க வேண்டும். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அந்தப் பதிவைப் படித்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். ஐஸ்லாந்தில் 1998-இல் தொடங்கிய 'பர்னாஹூஸ்' முறை வாக்குமூலம், மருத்துவப் பரிசோதனை, மனநல உதவி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது இதற்காகவே. "அவர்தானே தொட்டார்?" என்பது போல விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வி, பின்னாளில் வழக்கையே பலவீனப்படுத்தும்.

காவல்துறையில் புகார் பதிவாகட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இன்னொரு தவறு. எச்.ஐ.வி. தொற்று அபாயம் இருந்தால் தடுப்பு மருந்தைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் அதிகம். பருவமடைந்த சிறுமிக்கு அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். காகித வேலைக்காக இந்த மணிக்கணக்கு நிற்காது.

பரிசோதனையில் காயம் தெரியவில்லை என்பதால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதுவது மிகவும் ஆபத்தானது. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பரிசோதனை இயல்பாகவே இருக்கும். பல செயல்கள் காயமே ஏற்படுத்துவதில்லை, ஏற்பட்ட காயமும் விரைவில் ஆறிவிடும். கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை. அதை ஒழிக்க வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கேட்டுக்கொண்டன. இருந்தும் அதன் சொற்கள் சில அறிக்கைகளில் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. மறுக்கும் குழந்தையைப் பிடித்து அழுத்திப் பரிசோதிப்பது, அதற்கு நேர்ந்ததையே மறுபடி செய்வதற்கு ஒப்பாகும். உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு போன்ற அவசரம் இல்லையென்றால் காத்திருக்கலாம். அவசரமென்றால் மயக்க மருந்து இருக்கிறது.

குளித்துவிட்டதால் தடயம் போயிற்று என்று திருப்பி அனுப்பக்கூடாது. சிறு குழந்தைகளிடம் உடலைவிட உடைகளிலேயே தடயம் அதிகம் கிடைக்கும். அவற்றை உலரவைத்துக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

உடன் வந்த பெரியவர் பாதுகாப்பானவர் என்று தாமாக முடிவு செய்துவிடாமல், குழந்தையிடம் தனியாகவும் சற்று நேரம் பேச வேண்டும். மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுவது கடைசியாக வரும் தவறு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 28 நாட்கள் தொடர வேண்டும். பிந்தைய இரத்தப் பரிசோதனையும் மனநல ஆலோசனையும் மீதமிருக்கின்றன. ஆகவே குடும்பத்தை மறுபடி அழைக்கப்போவது யார், எந்த எண்ணில் பேசினால் குழந்தைக்கு ஆபத்து வராது என்பதைக் குழந்தை வெளியேறும் முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.